செந்துணி கட்டிய பாறை

மயிலாடும்பாறை
பங்குனி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் வேல்விழிக்கு,

அம்மா முனீஸ்வரி எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அந்தக் குளிரில் நீயும், கூட மலையேற்றப் பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகளும் காய்ச்சல் தடுமன் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். மேலே முகாமுக்குப் போய்விட்டால் போன் எடுக்காது, சாமான் கொண்டுவரும் வண்டியில் கடிதம் மட்டும் வரும் என்று சொல்லிவிட்டுப் போனாய். பள்ளிக்கூடத்து லீவு லெட்டருக்குப் பிறகு இப்போதுதான் பேனா பிடிக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது என்று பக்கத்துப் பிள்ளைகளிடம் காட்டிச் சிரிக்காதே.

நான் கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாயைத் திறந்தாயா? இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள். அங்கே வெறும் ரொட்டிதான் என்றால் முகம் சுளிக்காமல் சாப்பிடு.

இந்த வருடம் இலவமரங்கள் நன்றாகக் காய்த்திருக்கின்றன. தொரட்டிக்காரர்கள் வந்து பறிப்பு ஆரம்பித்தாயிற்று. காடு முழுக்கப் பஞ்சு பறக்கிறது. உன் அப்பா தும்மிக்கொண்டே மினிலாரியில் காய் மூட்டை ஏற்றிக்கொண்டு தேனிக்கும் இங்கேயுமாக அலைகிறார். கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொள்ளச் சொன்னால், கொள்ளைக்காரன் மாதிரி இருக்குமாம், மாட்டாராம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு பாறை ஏறுகிற மதுரைப் பிள்ளைகள் காட்டுக்குள் வந்து பாறை ஏறலாம் என்று பலவேசம் ஐயாவிடம் தேனிக் கடை வாசலில் நின்று கெஞ்சிக் கூத்தாடி நீ சம்மதம் வாங்கினாய். காடு அவருடையது, காவல் பார்க்கிற என்னிடம் சாவி மட்டும்தான் இருக்கிறது. அவர் போட்ட நிபந்தனைகள் உனக்கு மறந்திருக்காது. காய் பறிக்கிற காலத்தில் அடுப்பு மூட்டக்கூடாது. பாறையில் பெயின்ட் பூசக்கூடாது. போர்டு மாட்டவே கூடாது, போர்டு மாட்டினால் நாளைக்கு அதையே காட்டி எவனாவது இடத்துக்கு உரிமை கொண்டாடுவான். வம்பு என்று ஒன்று வந்தால் அன்றைக்கே கதவு மூடிவிடும். இப்போது வம்பு வந்துவிட்டது. அதுவும் உன் கையால் வந்திருக்கிறது.

போர்டு மாட்ட முடியாது என்றுதானே கிளம்புகிற அன்றைக்கு அந்தச் சிவப்புத் துணியைக் கட்டினாய்? மேலே துருத்திக்கொண்டு நிற்கும் பெரிய கல் அசைகிறது, தட்டினால் காலிப் பானை மாதிரிச் சத்தம் கேட்கிறது என்றாய். அடியில் நீங்கள் கயிறு மாட்டுகிற இரும்பு வளையத்தில் சிவப்புத் துணி இருந்தால் ஏறுகிறவர்கள் புரிந்துகொண்டு ஒதுங்கிவிடுவார்கள், நீயும் அதற்குக் கீழே நிற்காதே அம்மா என்றாய். ஏறுகிறவர்களுக்குப் புரியும், சரி. நடுக்காட்டில், செங்குத்தான பாறையில், ஒரு வளையத்தில் சிவப்புத் துணி தொங்கினால் நம் ஊர்க்காரர்களுக்கு என்ன தோன்றும் என்று நீயும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. நாமும் இந்த ஊரில்தான் பிறந்து வளர்ந்தோம் என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியாது.

கீழத்தெரு கருத்தம்மாள் அக்காவின் எருமை காணாமல் போயிருந்தது. ஓடைக்கரையெல்லாம் தேடிவிட்டு, காய் பொறுக்க வந்த இடத்தில் பார்த்தால், அது அந்தப் பாறைக்கு நேர் கீழே நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. தலைக்கு மேலே உன் துணி. அக்கா அங்கேயே விழுந்து கும்பிட்டு, மறுநாள் சூடம் ஏற்றிவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் மழை பெய்தது. இந்தப் பக்கம் பங்குனியில் மழை பெய்து நீ எப்போது பார்த்திருக்கிறாய்? பிறகு கேட்கவா வேண்டும். துணியை அவிழ்த்துவிடலாம் என்று நான் போவதற்குள் வளையத்தில் மஞ்சள் கயிறும் கண்ணாடி வளையலும் ஏறியிருந்தன. செந்துணியாத்தா என்று பெயரும் வைத்துவிட்டார்கள். கை வைக்கப் போன என்னைப் பார்த்து, தொட்டால் கை வெளங்காது என்று நாலைந்து பேர் சத்தம் போட்டார்கள்.

பலவேசம் ஐயா காதுக்குப் போய்விட்டது. போனிலேயே குதித்தார். கோயில் வந்துருச்சுன்னா எடம் போச்சு முனீஸ்வரி, பாறை ஏற விட்டதுனாலதான இந்த வெனை என்றார். உங்கள் பிள்ளைகளை இனிமேல் கதவுப் பக்கமே விடக்கூடாதாம். நீ திரும்பி வந்து ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் பாறை ஏறக் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்றாயே, அதை நினைத்துத்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் இப்போதைக்கு என் கவலை அதுவல்ல. அந்தக் கல்லுக்குக் கீழே தினமும் ஆட்கள் நிற்கிறார்கள்.

யாரிடம் சொல்லி என்ன செய்யலாம் என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அம்மா


மயிலாடும்பாறை
சித்திரை, வியாழக்கிழமை

அன்பு மகளுக்கு,

முதல் கடிதம் கிடைத்ததா இல்லையா என்று தெரியவில்லை. கிடைக்காவிட்டாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை, வீட்டில் பேச ஆள் இல்லை. உன் அப்பாவோடு பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. ஏன் என்று சொல்கிறேன், கேள்.

கல்லுக்கு நேர் கீழே செங்கல் வைத்துப் பீடம் கட்டிவிட்டார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை பொங்கல் என்று ஊரில் சொல்லியாயிற்று. பெண்கள், பிள்ளைகள், கைக்குழந்தை எல்லாம் வரும். பீடத்துக்கு மணி வாங்கிக் கொடுத்த புண்ணியவான் யார் தெரியுமா? என் வீட்டுக்காரர். தேனியில் காய் இறக்கிவிட்டு வரும்போது வெண்கல மணியோடு வந்து நிற்கிறார். உங்க மக கட்டுன துணிதானே, உங்க கண்ணு முன்னாலதானே கட்டுனா என்று கேட்டேன். அவ கையில வந்து ஆத்தா ஏறியிருக்கா, ஒனக்குத்தான் தெரியல என்கிறார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

எனக்குச் சாமி மேல் கோபம் இல்லை விழி. எங்கேயாவது இரண்டு மரம் தள்ளிக் கும்பிட்டால் நானும் வந்து குலவை போடுவேன். ஆனால் அந்த இடம்தான் வேண்டும் என்கிறார்கள். கல் ஆடுது, துணி கட்டுனதே அதுக்குத்தான் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன். ஒருவர் நம்பவில்லை. மொதலாளி எடத்தக் காப்பாத்துறதுக்கு இவ பொய் சொல்றா, ஒன் மக பூட்ஸு காலோட மிதிச்சு ஏறலாம், நாங்க கையெடுத்துக் கும்பிடக்கூடாதா என்று கருத்தம்மாள் அக்கா நடுத்தெருவில் வைத்துக் கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

இன்னொன்று சொல்கிறேன், பயப்படாதே. இல்லை, பயப்படு. முந்தாநாள் பூசை நடக்கும்போது மேலேயிருந்து பொடிக்கல் உதிர்ந்தது. மிளகு அளவு, சுண்டைக்காய் அளவு. எனக்கு உயிரே போய்விட்டது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆத்தா பிரசாதம் போடுறா என்று முந்தானையை விரித்துப் பிடித்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசிப் பானையில் போட்டுவைத்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பானையிலும் ஒன்று கிடந்தது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. அன்றோடுதான் பேச்சு நின்றது.

மறுநாள் கதவைப் பூட்டினேன். வேலியை வெட்டி ஆள் நுழைகிற அளவுக்குப் பொத்தல் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். ஐயா கார் எடுத்துக்கொண்டு வந்தார். ஒங்கிட்டச் சாவியக் குடுத்ததுக்கு நல்லாக் காப்பாத்துன என்று சொல்லிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு புதுப் பூட்டுப் போட்டார். செவ்வாய்க்கிழமை போலீசோடு வரப்போகிறாராம். கல்லைப் பற்றிச் சொன்னேன். கல்லு விழுந்தா அவங்க பாடு என்றார். கோபத்தில் சொன்னாரா, மனதிலிருந்தே சொன்னாரா தெரியவில்லை. போலீஸ் வந்தால் என்ன ஆகும்? ஊரே வீம்புக்கு அங்கே போய் உட்காரும். அத்தனை பேரும் அந்தக் கல்லுக்குக் கீழே உட்காருவார்கள்.

சாப்பாடு இறங்கவில்லை. நீ அங்கே எந்தப் பனியில் எந்தக் கயிற்றில் தொங்குகிறாயோ, உனக்குப் போய் இதையெல்லாம் எழுதுகிறேன். என்ன செய்ய, நீ கட்டிய துணி. நீதான் வழி சொல்லவேண்டும்.

அம்மா


மயிலாடும்பாறை
சித்திரை, புதன்கிழமை

என் தங்கமே,

என் முதல் கடிதம் கிடைத்ததும் சனிக்கிழமை கீழ் முகாம் ஆபீஸுக்கு இறங்கிவந்து அரை நிமிடம் பேசினாயே, அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது. அம்மா, சுரேஷ்கண்ணனைக் கூப்பிடு, கல்லை மேலேயிருந்து தள்ளச் சொல், நீ அதுக்குக் கீழே போகாதே என்றாய். மூன்றில் இரண்டைச் செய்தேன். மூன்றாவதைக் கேட்கவில்லை. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

மதுரையில் ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு, உன்னோடு பாறை ஏறுகிற சுரேஷ்கண்ணன் அன்றே பஸ் ஏறி வந்துவிட்டான். மறுநாள் காலையில் நாலு தோசை வைத்தேன், ஒன்றுதான் சாப்பிட்டான். ஐயாவுக்குப் போன் போட்டு விவரம் சொன்னேன். அந்தப் பையன் விழுந்து செத்தா எவன் பதில் சொல்றது, எவனும் என் காட்டுக்குள்ள கால் வைக்கக்கூடாது என்று வைத்துவிட்டார். கதவில் அவர் பூட்டு. ஊர்க்காரர்கள் வெட்டிய வேலிப் பொத்தல் இருந்தது. வேலை போனால் போகட்டும் என்று அதன் வழியாகவே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். பாறை ஏறுகிற பிள்ளை சாமி கும்பிடுகிறவர்கள் போட்ட வழியில்தான் உள்ளே போனான்.

உள்ளே பெண்கள் பீடத்துக்குச் சாணி மெழுகிக்கொண்டிருந்தார்கள். கயிற்றையும் கடப்பாரையையும் பார்த்ததும் ஒரே கூச்சல். ஆத்தா மேல கடப்பாரய வைக்கவா வந்தீக என்று கருத்தம்மாள் அக்கா குறுக்கே நின்றாள். சுரேஷ்கண்ணன் ஏதோ விளக்கம் சொல்லப் பார்த்தான், யார் காதிலும் ஏறவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது. நேராகப் போய்ப் பீடத்துப் பக்கத்தில், கல்லுக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாரும் தள்ளிப் போங்க, நான் மட்டும் இங்கன உக்காந்திருக்கேன், செவ்வாக்கெழம வரைக்கும் எந்திரிக்க மாட்டேன் என்றேன். முதலில் சிரித்தார்கள். பிறகு மேலேயிருந்து பொடி உதிர்ந்தது. என் தோளில் ஒரு கல் விழுந்தது, கொட்டைப்பாக்கு அளவு இருக்கும். நான் மேலே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். கருத்தம்மாள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்திரி முனீஸு என்றாள். எதுக்கு எந்திரிக்கணும், பிரசாதம்தானே என்றேன். இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. ஏ புள்ள, சொன்னாக் கேளு, எந்திரி ஆத்தா என்று கத்திக்கொண்டே ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள்.

ஆனால் கூட்டம் அவ்வளவு லேசில் விடுமா? ஆத்தாவைக் கேட்காமல் கல்லைத் தொடக்கூடாது என்றார்கள். சரி, பூக்கட்டிப் பார்ப்போம் என்று கருத்தம்மாள் அக்காவே சொன்னாள். வெள்ளைப் பூ வந்தால் பையன் ஏறலாம், சிவப்புப் பூ வந்தால் திரும்பிப் போய்விட வேண்டும். பூட்ஸ் போடக்கூடாது, வெறுங்கால். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது, கையில் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். சுரேஷ்கண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பாவம், அந்த ஒரு தோசையோடு நின்றான். அக்கா மரத்துக்குப் பின்னால் போய் இரண்டு பொட்டலம் மடித்துக்கொண்டு வந்தாள். எடுப்பதற்குச் சுத்தமான ஆள் வேண்டும் என்று கூட்டத்தில் நின்ற உன் அப்பாவைக் கூப்பிட்டார்கள். கண்ணை மூடி, வாய்க்குள் முணுமுணுத்து, தும்மலை அடக்கிக்கொண்டு ஒன்றை எடுத்தார். வெள்ளை நந்தியாவட்டை. குலவைச் சத்தம் காட்டை நிறைத்தது.

எல்லோரையும் ஓடைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டோம். சுரேஷ்கண்ணன் சுற்றிக்கொண்டு மேலே போய் உசிலமரத்தில் கயிற்றைக் கட்டி, கடப்பாரையை இடுப்பில் கோத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினான். கல்லுக்குப் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு நெம்பினான். அசையவில்லை. கொஞ்சம் ஓய்ந்துவிட்டு மறுபடி நெம்பினான். அப்போதும் அசையவில்லை. கூட்டத்தில் யாரோ, ஆத்தா வர மாட்டேங்கிறா என்று முனகினார்கள். மூன்றாவது தடவை நெம்பியபோது கல் சத்தமில்லாமல் சாய்ந்தது. சத்தம் பிறகுதான் வந்தது, காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. தூசியும் இலவம்பஞ்சும் எழுந்து ஒன்றும் தெரியவில்லை. பையனையும் காணவில்லை. அந்த நேரத்தில் நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்று உன் அப்பா சொல்கிறார்.

தூசி அடங்கியதும் பார்த்தால் கயிற்றில் பத்திரமாக இருக்கிறான், பாதத்தில் மட்டும் வெட்டு. கருத்தம்மாள் அக்கா முந்தானையைக் கிழித்து மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள். பீடம் இருந்த இடத்தில் செங்கல் தூள்தான் கிடந்தது. அப்பா வாங்கிய மணி தட்டையாகிவிட்டது. அவர் அதை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து, வீட்டுக்குப் போலாமா முனீஸு என்று கேட்டார். பேச்சு தொடங்கிவிட்டது. அரிசிப் பானையில் இருந்த கல்லையும் காணவில்லை.

ஒன்று உனக்கு மட்டும் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. பிரிக்காத இன்னொரு பொட்டலம் மரத்தடியில் கிடந்தது. கூட்டம் கலைந்த பிறகு எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். அதிலும் வெள்ளைப் பூதான். நிமிர்ந்தால் கருத்தம்மாள் அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் பூவைத் தலையில் வைத்துக்கொண்டேன். அவள் எருமையை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

விழுந்த கல்லில் ஒரு துண்டு உருண்டு ஓடை விளிம்பில் போய் நின்றுவிட்டது. ஆத்தா எறங்கி வந்துட்டா, அவளுக்கு அங்கனதான் பிடிச்சிருக்கு என்று கருத்தம்மாள் அக்கா சொன்னாள். நேற்று அங்கேதான் பொங்கல் வைத்தோம். நானும் வைத்தேன். ஐயா போலீசோடு வந்தார். பீடம் கிடந்த கோலத்தைப் பார்த்தார். அந்தக் கல் தன் எல்லைக்குள் கிடக்கிறதா ஓடைப் புறம்போக்கில் கிடக்கிறதா என்று காலால் அளந்து பார்த்தார். போலீஸ்காரருக்கும் பொங்கல் கொடுத்தோம்.

கிளம்பும்போது கருத்தம்மாள் அக்கா காரை மறித்தாள். இந்தப் பிள்ளைக இல்லைன்னா இன்னைக்கு எங்க வீட்டுல எழவு, இவுக வந்து போகட்டும், செவ்வா வெள்ளி மட்டும் ஏற வேண்டாம், கதவுலருந்து செருப்பு இல்லாம வரட்டும், நீங்க பூட்டுனாக்க நாங்க தெறப்போம் என்றாள். பூட்ஸைப் பற்றி என்னைக் கேட்டவளும் அவள்தான். ஐயா சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டுவிட்டுப் போனார். எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். நீ வந்து அவரிடம் பேசு. பணிவாகப் பேசு, உன் அப்பா மாதிரி வீம்பு பிடிக்காதே.

நீ ஏறுவதை நான் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. கதவைத் திறந்துவிட்டு, காய் எண்ணுகிற சாக்கில் களத்துக்குப் போய்விடுவேன். வேலை இருக்கிறது என்று நீ நினைத்திருப்பாய். இந்தத் தடவை நகர முடியாமல் நின்று முழுக்கப் பார்த்தேன். அந்தக் கயிற்றில் தொங்கியது சுரேஷ்கண்ணன்தான் என்று கண்ணுக்குத் தெரிந்தது, மனதுக்குத் தெரியவில்லை. போகாதே என்று எழுத மாட்டேன். எழுதினால் மட்டும் கேட்கப்போகிறாயா என்ன.

கல் விழுந்த பிறகு, இனிமேல் பயமில்லை, துணியை எடுத்துவிடுவதுதான் எங்கள் வழக்கம் என்று சுரேஷ்கண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னான். கருத்தம்மாள் அக்காவே போய் வளையத்திலிருந்து அவிழ்த்து, ஒன் மக பொருளு என்று என் கையில் கொடுத்தாள். அது வெறும் துணி, வெறும் துணி என்று ஊரெல்லாம் தொண்டை கிழியக் கத்தினவள் நான்தான். சிரிக்காதே. மஞ்சள் தடவிக் காயவைத்து இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். ஏறுகிறபோதெல்லாம் இடுப்பில் எங்காவது முடிந்துகொள். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா